பருத்த எலி, சர்க்கரை எலி: நோய் மரபியல் ஆய்வில் ஒரு வாழ்நாளைக் கழிக்கலாமா?

கயல்_சேலம்:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. முடித்துவிட்டேன். நீரிழிவின் மரபியலைச் சுண்டெலிகளில் ஆராயும் ஓர் ஆய்வகத்தில் பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது. சேர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

என் பாட்டிக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. காலில் ஒரு விரலை எடுத்தாகிவிட்டது. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அதனால்தான். ஆனால் நேர்காணலுக்குப் போன அன்று அனிமல் ஹவுஸைச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு கூண்டில் பந்து மாதிரி உருண்டையான ஒரு கருப்பு எலி, தண்ணீர்ப் புட்டி வரை உடம்பை இழுத்துக்கொண்டு போனது. கூண்டு முழுக்க ஈரம். அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அம்மா கேட்கிறார்: "எலிக்கு வந்த சர்க்கரையைப் படித்து மனுஷனுக்கு என்ன ஆகப் போகிறது?" எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்த வேலையிலேயே முழு வாழ்நாளைக் கழித்தவர்கள் கடைசியில் எதைக் கண்டார்கள்? யாராவது ஒருவரைப் பற்றி முழுசாகச் சொல்லுங்கள்.

---

மேகமூட்டம்:

கயல், நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 'டிபி' எலியாகத்தான் இருக்கும், மரபணுப் பிறழ்வால் பருமனும் சர்க்கரையும் சேர்ந்து வரும் ஆய்வகச் சுண்டெலி. கருப்பு நிறம், பருத்த உடம்பு, ஓயாத தாகம், நனைந்த படுக்கை எல்லாமே பொருந்துகிறது. நான் பதினோரு வருடம் சுண்டெலி மரபியலில் வேலை செய்தவன். அந்த எலியோடு வாழ்நாளைக் கழித்த ஒருவரைப் பற்றியே சொல்கிறேன்.

டக்ளஸ் கோல்மன். 1931-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பிறந்தவர். படித்தது வேதியியல். பிறகு அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம். மரபியல் அவருடைய பாடமே இல்லை. 1958-இல் மெய்ன் மாநிலத்துக் கடலோரத்தில் பார் ஹார்பர் என்ற சின்ன ஊரில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்துக்குப் போனார். ஒன்றிரண்டு வருடம் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்பதுதான் எண்ணம். 1991-இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். 33 வருடம்.

அந்த ஆய்வகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1929-இல் தொடங்கியது. சுண்டெலிகளைத் தலைமுறை தலைமுறையாக அண்ணன் தங்கையாகவே இணைசேர்த்து, மரபணு அளவில் கிட்டத்தட்ட இரட்டையர் போன்ற இனவழிகளை உருவாக்கி வளர்க்கும் இடம். 1947-இல் அந்த ஊர் இருக்கும் தீவின் ஒரு பெரிய பகுதியைக் காட்டுத்தீ எரித்தபோது ஆய்வகமும் எரிந்தது, எலிகளும் போயின. முன்பு அங்கிருந்து எலி வாங்கிப் போயிருந்த ஆய்வாளர்கள் பல ஊர்களிலிருந்து அதே இனவழிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படித்தான் மறுபடி எழுந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சம்பவம் இது.

தீக்கு இரண்டே வருடம் கழித்து, 1949-இல், அங்கே ஒரு எலிக் குடும்பத்தில் சில குட்டிகள் தாறுமாறாகப் பருத்தன. சாதாரண எலியைப்போல் மூன்று மடங்கு எடை. எப்போதும் பசி. இங்கால்ஸ், டிக்கி, ஸ்னெல் மூவரும் இதை 1950-இல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு மரபணுவில் பிறழ்வு, ஒடுங்கு பண்பு, அதாவது தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் வெளியே தெரியும். அதற்கு 'ஓபி' என்று பெயர். பதினைந்து வருடம் கழித்து அங்கேயே வேறொரு இனவழியில் இன்னொரு பருத்த எலி. இதற்குப் பருமனோடு கடுமையான சர்க்கரையும் சேர்ந்திருந்தது. ஹம்மல், டிக்கி, கோல்மன் மூவரும் 1966-இல் அறிவித்தார்கள். இதுதான் 'டிபி'.

கோல்மனுக்கு எழுந்த கேள்வி எளிமையானது. இந்த எலியின் இரத்தத்தில் ஏதோ இருக்கிறதா, அல்லது ஏதோ இல்லாமல் போயிற்றா? அதை அறிய இரண்டு எலிகளைத் தோள் முதல் இடுப்பு வரை பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தார். சில நாளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் இணைந்து, ஒன்றின் இரத்தம் மற்றதற்குள் மெதுவாகக் கலக்கும். டிபி எலியையும் ஒரு சாதாரண எலியையும் இப்படி இணைத்தார்.

எல்லோரும் எதிர்பார்த்தது, ஒன்று சாதாரண எலிக்குச் சர்க்கரை வரும், இல்லை டிபி எலிக்குக் குணமாகும் என்றுதான். நடந்தது வேறு. சாதாரண எலி செத்துப்போனது. அறுத்துப் பார்த்தால் இரைப்பை காலி, கல்லீரலில் சேமிப்புச் சர்க்கரையான கிளைக்கோஜன் இல்லை, இரத்தச் சர்க்கரை அடிமட்டம். பக்கத்திலேயே தீனி இருக்க, அது பட்டினியால் செத்திருக்கிறது. டிபி எலியோ மேலும் பருத்தது.

---

நிலாமுற்றம்:

மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. ஓயாமல் தின்னும் எலியின் இரத்தம் உள்ளே போனால் மற்றதற்கும் பசிதானே எடுக்க வேண்டும்? ஏன் சாப்பிடாமல் சாகிறது?

---

மேகமூட்டம்:

அந்தக் கேள்விதான் கோல்மனையும் பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டில் தாய், பிள்ளையிடம் "போதும், எழுந்திரு" என்று சொல்கிறாள் என்று வையுங்கள். பிள்ளைக்குக் காது கேட்காது. அவள் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறாள். பிள்ளை தின்றுகொண்டே இருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காது கேட்கும் பிள்ளை அந்தச் சத்தத்தில் மிரண்டு சாப்பாட்டையே தொடுவதில்லை.

டிபி எலியின் உடம்பு "போதும்" என்ற செய்தியை அளவுக்கு மீறி உண்டாக்குகிறது, ஆனால் அதன் மூளைக்கு அது கேட்பதில்லை. அதே செய்தி சாதாரண எலியின் மூளைக்குப் போய்ச் சேர்ந்ததும் அது உண்பதையே நிறுத்திவிடுகிறது.

அப்படியானால் ஓபி எலி? கோல்மன் அதை டிபியோடு இணைத்தார். ஓபி எலி பட்டினியால் செத்தது. ஓபியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது இரண்டும் பிழைத்தன, ஓபி எலி கொஞ்சம் குறைவாகத் தின்றது. ஆக, ஓபிக்குக் காது கேட்கிறது, அந்த வீட்டில் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. 1973-இல் இந்த முடிவை எழுதினார்: ஓபி மரபணு வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஒரு பொருளை உண்டாக்குகிறது, டிபி மரபணு அதை வாங்கிக்கொள்ளும் இடத்தை உண்டாக்குகிறது.

டி.என்.ஏ. வரிசை எதுவும் கையில் இல்லாத காலம். ஊசியும் நூலும் இரத்தப் பரிசோதனையும் வைத்துக்கொண்டு சொன்னது. அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க அவர் பல வருடம் முயன்றார். கிடைக்கவில்லை. பருமன் என்பது நடத்தைக் கோளாறு, மனக்கட்டுப்பாடு இல்லாதவர்களின் பிரச்சினை என்று பலரும் நம்பிய காலம் அது. ஒரு ஹார்மோன்தான் காரணம் என்பதை ஏற்க ஆளில்லை. அவர் 1991-இல் ஓய்வு பெற்றபோதும் அந்தப் பொருளுக்குப் பெயர்கூடக் கிடையாது.

1994 டிசம்பரில் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு எட்டு வருட உழைப்புக்குப் பிறகு ஓபி மரபணுவைக் கண்டுபிடித்தது. அது உண்டாக்கும் ஹார்மோன் கொழுப்புத் திசுவிலிருந்து வருகிறது. மெலிந்த என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருடமே அதை வாங்கிக்கொள்ளும் இடமான ஏற்பியும் கிடைத்தது. டிபி எலியில் உடைந்திருந்தது அந்த ஏற்பிதான். இருபது வருடத்துக்கு முன்பு கோல்மன் சொன்ன இரண்டும் சரி. 2010-இல் இருவருக்கும் சேர்த்து, மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது.

---

மருதம்_டாக்டர்:

மேகமூட்டம் சார் எலிப் பக்கத்தைச் சொன்னார். நான் நோயாளிகளைப் பார்க்கிறவள், கயலின் அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

1997-இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓராஹிலி, சதாஃப் ஃபரூக்கி ஆகியோரின் குழு இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதியது. பாகிஸ்தான் பூர்வீகக் குடும்பம், நெருங்கிய சொந்தத்தில் திருமணம். 8 வயதுச் சிறுமி 86 கிலோ. அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி, 2 வயது, 29 கிலோ. பிறந்தபோது இருவரும் சாதாரண எடைதான். இரத்தத்தில் பார்த்தால் லெப்டின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஓபி எலியில் உடைந்த அதே மரபணு.

அந்தத் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். "பிள்ளைக்கு அளவில்லாமல் ஊட்டுகிறாயே" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். சிறுமிக்கு லெப்டின் ஊசி கொடுக்கத் தொடங்கியதும் பசி அடங்கியது, எடை இறங்கியது. 1999-இல் அதன் முடிவு வெளிவந்தது. ஒரு நோய்க்கு எலி வழியாக மருந்து வந்ததற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. லெப்டின் வந்த புதிதில் உலகத்துப் பருமனுக்கெல்லாம் மருந்து கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். நடக்கவில்லை. பருத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கிறது. மூளை அதைச் சரியாகக் கேட்பதில்லை. அவர்கள் ஓபி எலியைவிட டிபி எலிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், அதுவும் முழுசாகப் பொருந்தாது. மேலும் ஊசி போட்டால் பெரிய பயன் இல்லை.

கொழுப்பே சேராத ஒரு நோய் உண்டு, லிப்போடிஸ்ட்ரஃபி. கொழுப்புத் திசு இல்லாததால் லெப்டினும் இல்லை. ஒல்லியான உடம்பில் கடுமையான சர்க்கரை, கல்லீரல் முழுக்கக் கொழுப்பு, அடங்காத பசி. 1999-இல் டல்லாஸில் இந்த நோயுள்ள எலிகளுக்கு லெப்டின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கினார்கள். 2002-இல் மனிதர்களில் அதே பலன் வந்தது. 2014 பிப்ரவரியில் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. கோல்மன் காலமானது அந்த வருடம் ஏப்ரலில்.

---

தாழம்பூ:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. இரண்டு உயிர்களைத் தைத்து, ஒன்று பட்டினியால் சாகும்வரை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். முடிவு எவ்வளவு பெரிதானாலும் அந்த எலிக்கு அது என்ன? கயல் அந்தக் கூண்டைப் பார்த்துக் கலங்கியது சரியான உணர்வு. "போகப் போகப் பழகிவிடும்" என்று யாரும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

கூண்டுக்காரர்:

தாழம்பூ அம்மா, நீங்கள் சொன்னதை நான் மதிக்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. அனிமல் ஹவுஸில் 26 வருடம் எலி வளர்த்து ஓய்வு பெற்றவன். பழகிவிடாது என்பது உண்மை. பழகிவிட்டவரைக் கண்டால் நான் அவரை எலி அறைக்குள் விட யோசிப்பேன்.

நான் சேர்ந்த காலத்துக்கும் இப்போதைக்கும் நிறைய மாறியிருக்கிறது. நம் நாட்டில் 1960-ஆம் வருடத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்தான் இது எல்லாம் வருகிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்கிறது. எத்தனை எலி, ஏன் அத்தனை, எலி இல்லாமல் முடியாதா, வலிக்கு என்ன மருந்து என்று எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். எடை இவ்வளவு குறைந்தால் சோதனையை நிறுத்தி அதை வலியில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பதையும் முன்னாலேயே எழுத வேண்டும். கோல்மன் ஐயா செய்ததை, சாகும்வரை விட்டுப் பார்ப்பதாக இன்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் நான் பார்த்த குழு கையெழுத்துப் போட்டிருக்காது. குளுக்கோஸ் இறங்குவதிலேயே விஷயம் தெரிந்துவிடும், சாக விட வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எலி நன்றாக இல்லாவிட்டால் ஆராய்ச்சியும் நன்றாக இராது. பயந்த எலிக்குச் சர்க்கரை ஏறும். கூட்டமாக அடைத்த எலிக்கும் ஏறும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்தால் என்ன தெரியும்? டிபி எலிக்கு நாங்கள் படுக்கையைத் தினமும்கூட மாற்றுவோம், அவ்வளவு நீர் கழியும். தண்ணீர்ப் புட்டியின் குழாயை நீளமாகப் போட்டு அதன் வாய்க்கு எட்டும்படி இறக்கி வைப்போம். தீனியைக் கூண்டின் தரையில் வைப்போம். கயல், நீங்கள் பார்த்த கூண்டு ஈரமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்ந்ததும் அதைப் பற்றிக் கேளுங்கள். யார் மாற்றுகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேளுங்கள்.

---

குன்னூர்ப்பனி:

எலியும் சர்க்கரையும் என்றதும் எங்கள் ஊரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் முதலில் குன்னூரில்தான் இருந்தது. 1918-இல் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கியது. இந்தியாவின் வெவ்வேறு பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டவர் அவர். கோதுமை ரொட்டி, பால், காய்கறி தின்ற எலிகள் செழித்தன. சென்னை மாகாணத்துத் தீட்டிய அரிசிச் சாப்பாடு தின்ற எலிகள் கடைசியில் நின்றன.

1958-இல் நிறுவனம் ஹைதராபாத் போனது. 1920 முதல் குன்னூரில் வளர்த்துவந்த விஸ்டார் என்ற ஆய்வக எலி வகையின் வழியும் கூடவே போனது. அந்த வழியிலிருந்துதான் 1990-களில் தானாகவே பருத்த எலி ஒன்று தோன்றியது. 'டபிள்யூ.என்.ஐ.என். ஓபி' என்கிறார்கள். இது சுண்டெலி இல்லை, பெரிய எலி. ஒரு கிலோவைத் தாண்டுபவை உண்டு. இரத்தத்தில் லெப்டின் ஏராளம், ஆனால் கேட்பதில்லை. டாக்டர் சொன்னபடி பார்த்தால் நம் மக்களின் பருமனுக்குக் கொஞ்சம் நெருங்கிய மாதிரி இதுவாக இருக்கலாம்.

---

மேகமூட்டம்:

குன்னூர்ப்பனிக்கு நன்றி, அந்த வழி குன்னூரிலிருந்து வந்தது எனக்குத் தெரியாது.

கயல், கோல்மனின் வேலையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. என் கண்ணுக்கு அதுதான் பெரிது, உங்கள் பாட்டியோடு தொடர்புடையதும் அதுதான்.

முதலில் ஓபி எலியும் டிபி எலியும் வெவ்வேறு நோய் போலத் தெரிந்தன. ஓபிக்குப் பருமன் அதிகம், சர்க்கரை லேசு, அதுவும் வயது ஏற ஏற அடங்கிவிடும். கணையத்தின் இன்சுலின் செல்கள் பெருகிச் சமாளித்துவிடும். டிபிக்கோ அந்தச் செல்களே அழிந்து, சில மாதங்களில் சாவு. காரணம் மரபணுவா? கோல்மனும் ஹம்மலும் ஒன்று செய்தார்கள். ஓபி இருந்தது பிஎல் 6 என்ற இனவழியில். டிபி இருந்தது கேஎஸ் என்ற இனவழியில். தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து ஓபியைக் கேஎஸ் வழிக்குள்ளும் டிபியைப் பிஎல் 6 வழிக்குள்ளும் கொண்டுபோனார்கள். வருடக்கணக்கான வேலை. முடிவில், ஒரே இனவழிக்குள் வைத்தால் இரண்டு பிறழ்வும் ஒரே நோயைத்தான் தந்தன. கேஎஸ்ஸில் இரண்டுமே கொடிய சர்க்கரை. பிஎல் 6-இல் இரண்டுமே லேசு.

அதாவது பருமனைக் கொடுப்பது ஒரு மரபணு. அந்தப் பருமன் சர்க்கரையாக முற்றுமா என்பதை முடிவு செய்வது அந்த எலியின் மற்ற மரபணுக்கள். தெருவில் பாருங்கள், நூறு கிலோ இருக்கும் பெரியப்பாவுக்குச் சர்க்கரை இருக்காது, அறுபது கிலோ இருக்கும் பாட்டிக்கு இருக்கும். அதே கேள்விதான்.

இதை அலட்சியம் செய்து நான் பட்டது ஒன்று. முன்பு நான் இருந்த ஒரு ஆய்வகத்தில் ஒரு மரபணுவை நீக்கிய எலிகளைச் சாதாரணப் பிஎல் 6 எலிகளோடு ஒப்பிட்டோம். நீக்கியவற்றில் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டது. எட்டு மாதம் மகிழ்ச்சியாக அளந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வாங்கிய சாதாரண எலிகள் 'ஜே' கிளை, எங்கள் எலிகள் 'என்' கிளை. இரண்டும் 1951-இல் பிரிந்தவை. ஜே கிளையில் 'என்என்டி' என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. அதனாலேயே அவற்றுக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு. நாங்கள் கண்ட வித்தியாசம் அங்கிருந்து வந்திருக்கலாம். எட்டு மாதத்து அளவுகளைத் தள்ளிவிட்டு, ஒரே ஈற்றில் பிறந்த உடன்பிறப்புகளை வைத்து முதலிலிருந்து தொடங்கினோம். அதில் செத்த எலிகளின் எண்ணிக்கை என் நோட்டில் இன்னும் இருக்கிறது. தாழம்பூ கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: தவறாகத் திட்டமிட்ட சோதனையில் போன உயிருக்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

---

நிலாமுற்றம்:

ஒரு சின்னக் கேள்வி. ஓபியும் டிபியும் குட்டி போடாது என்று படித்தேன். அப்புறம் எப்படி இத்தனை வருடம் வழியைக் காப்பாற்றினார்கள்?

---

கூண்டுக்காரர்:

இதை நான் சொல்கிறேன், என் கையில் நடந்த வேலை. இரண்டு பிரதியும் கெட்ட எலி குட்டி போடாது. ஒரு பிரதி மட்டும் கெட்ட எலி பார்க்கச் சாதாரணம், அது குட்டி போடும். அப்படி இரண்டை இணைத்தால் நாலில் ஒன்று பருக்கும். ஆனால் மிச்சம் மூன்றில் எது ஒற்றைப் பிரதி, எது ஒன்றும் இல்லாதது என்று எப்படிப் பார்ப்பது?

டிபிக்கு ஒரு நல்ல வழி இருந்தது. அதே குரோமோசோமில், பக்கத்திலேயே, முடியைச் சாம்பலாக்கும் 'மிஸ்டி' என்ற மரபணு உண்டு. டிபி இல்லாத பிரதியில் மிஸ்டியை வைத்து வளர்ப்பார்கள். குட்டி சாம்பலாக இருந்தால் அதில் டிபியே கிடையாது. கருப்பாகப் பருத்தால் இரண்டு பிரதியும் டிபி. கருப்பாக, மெலிந்து இருந்தால் ஒற்றை, அதுதான் அடுத்த தலைமுறைக்கு. நாலைந்து வாரத்தில் கண்ணாலேயே பிரித்துவிடலாம். இப்போது வால் நுனியிலோ காதிலோ துளி எடுத்து டி.என்.ஏ. பார்க்கிறார்கள். நான் கண்ணால் பிரித்ததை அவர்கள் சரிபார்த்தபோது தப்பு வந்ததில்லை.

---

கயல்_சேலம்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் கேம்பிரிட்ஜ் சிறுமியின் கதையை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க அம்மா நிம்மதியா சாப்பிட்டிருப்பாங்க அன்னைக்கு" என்றார். பாட்டி, காது கேட்காத பிள்ளை கதையைக் கேட்டுவிட்டு, "எனக்கும் இன்சுலின் சொல்றது உடம்புக்குக் கேக்கலையா?" என்று கேட்டார். ஏறக்குறைய அதுதான் பாட்டி என்றேன்.

சேர்கிறேன். தாழம்பூ அக்கா, நீங்கள் எழுதியதை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சேரும் முன்பு வழிகாட்டியிடம் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினேன்: ஒப்பீட்டு எலிகள் ஒரே ஈற்றுப் பிறப்புகளா, டிபி கூண்டுகளை எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றுகிறார்கள். முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, "நீங்கள் வந்ததும் இதைச் சேர்ந்து பார்ப்போம்" என்று எழுதியிருக்கிறார்.

கூண்டுக்காரர் ஐயா, முதல் நாள் எலியைத் தூக்கச் சொன்னால் எப்படித் தூக்குவது? பயமாக இருக்கிறது.

---

கூண்டுக்காரர்:

வாலைப் பிடித்துத் தூக்காதேம்மா. நாங்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் தூக்கினோம். அதனால் எலி மிரளும் என்று பிறகு ஆராய்ச்சி செய்தே காட்டிவிட்டார்கள். கூண்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் போட்டு வைத்தால் அதுவே உள்ளே நுழையும், குழாயோடு தூக்கு. இல்லையென்றால் இரண்டு உள்ளங்கையையும் கிண்ணமாகக் குவித்து அள்ளு. டிபி எலி கனமாக இருக்கும், வயிற்றுக்குக் கீழே கை கொடுக்க வேண்டும். முதல் வாரம் ஊசி எதுவும் போடாமல் சும்மா தூக்கித் தூக்கி வை, உன் கை வாசம் அதற்குத் தெரியட்டும். சென்ட் போட்டுக்கொண்டு போகாதே.